1/200 எம்டன்: மேல்தளச் சாமான்களைக் கையாலேயே செய்ய வழி சொல்லுங்கள்

#1 சுக்கான் (தூத்துக்குடி)

எல்லோருக்கும் வணக்கம்.

முதல் உலகப் போரில் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் குரூசர் (வேகமான போர்க்கப்பல்) எம்டனின் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறேன். உடல் வேலை முடிந்தது. அளவு 1/200. நிஜக் கப்பல் 118.3 மீட்டர் நீளம், 13.5 மீட்டர் அகலம். என் மேசையில் அது 59 செ.மீ. நீளத்தில், ஏழு செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் நிற்கிறது. பலகைகளை அடுக்கி ஒட்டி இழைத்த உடல். மேலே பிளை ஒட்டி, மூன்று புகைபோக்கியும் நிறுத்தியாகிவிட்டது.

இனிமேல்தான் தலைவலி. தளம் மொட்டையாக இருக்கிறது. 10.5 செ.மீ. பீரங்கி பத்து, 5.2 செ.மீ. பீரங்கி எட்டு, கவுல் வென்டிலேட்டர்கள் (தளத்துக்குக் கீழே காற்றோட்டம் தரும், வாய் வளைந்த குழாய்கள்), பொல்லார்ட் (கயிறு கட்டும் குட்டைத் தூண்), கேப்ஸ்டன் (நங்கூரச் சங்கிலியை இழுக்கும் உருளை), நங்கூரச் சங்கிலி, சுற்றிலும் ரெயிலிங். இந்த அளவில் எம்டனுக்கென்று தனியாக எதுவும் கைக்கு எட்டும் விலையில் இல்லை. வெளிநாட்டுக் கடை ஒன்றில் விசாரித்தால் சாமான் விலையைவிடத் தபால் செலவு அதிகம்.

என்னிடம் இருப்பவை: 25 வாட் சால்டரிங் அயர்ன், மினி டிரில், அரங்கள், வெர்னியர். லேத் கிடையாது. அதனால் லேத் வாங்கு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், வீட்டில் கேட்கவே முடியாது.

எங்கே ஆரம்பிக்கலாம்?

#2 ஊசிமுனை (திருச்சி)

பீரங்கியில் ஆரம்பியுங்கள் தம்பி, அதுதான் இருப்பதிலேயே சுலபம். மருந்துக்கடைக்குப் போய் 18 கேஜ், 21 கேஜ், 25 கேஜ் ஊசி மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுகொள்ள வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 10.5 செ.மீ. குழல்வாய் 1/200இல் 0.525 மி.மீ. 21 கேஜ் ஊசியின் உள்விட்டம் 0.51. இதைவிட நெருக்கமாக எதுவும் கிடைக்காது. அதன் வெளிவிட்டம் 0.82, 18 கேஜின் உள்விட்டம் 0.84. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். பீரங்கிக் குழலில் முன்பக்கம் மெலிந்தும் பின்பக்கம் தடித்தும் தெரியும் அந்தப் படி தானாகவே வந்துவிடும்.

குழலின் நீளம் குழல்வாய் விட்டத்தைப்போல 40 மடங்கு, அதாவது நிஜத்தில் 4.2 மீட்டர், உங்களுக்கு 21 மி.மீ. சின்னது 5.2 செ.மீ., 55 விட்டம். அது 14.3 மி.மீ. நீளம், குழல்வாய் 0.26. 25 கேஜின் உள்விட்டம் சரியாக 0.26.

வெட்டும்போது மட்டும் கவனம். கட்டர் வைத்து நறுக்கினால் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும். வெட்டுத் தகடு போட்ட மினி டிரில்லால் வெட்டுங்கள், அல்லது முக்கோண அரத்தால் சுற்றிலும் கோடு கிழித்து ஒடியுங்கள். கண்ணாடி போடாமல் செய்யவே கூடாது. துண்டு எங்கே பறக்கும் என்று தெரியாது. முனையைத் தட்டையாகத் தேய்த்த பிறகு துவாரத்துக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பிசிறை எடுத்துவிடுங்கள்.

#3 சுக்கான்

அண்ணா, இது அருமை. 21க்குள் 0.51 என்பதை நம்பவே முடியவில்லை. இன்று மாலையே வாங்குகிறேன்.

#4 தூரிகை (மதுரை)

ஒரு கேள்வி. எந்த நாள் எம்டன்?

வெள்ளை உடலும் மஞ்சள் புகைபோக்கியுமாக சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தில் நின்ற, ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயரெடுத்த எம்டனா, சாம்பல் பூசிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பியதா? இதை முடிவு பண்ணாமல் ஒரு பொல்லார்ட்கூடச் செய்யாதீர்கள். இது வண்ணத்தோடு நிற்கும் விஷயம் இல்லை.

#5 சுக்கான்

அக்கா, இதில் கேள்வியே இல்லை. 1914 செப்டம்பர் 22, சென்னை. எம்டன் சுட்டு பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்த இரவு. உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் இருக்கும் கல்வெட்டைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கப்பல் மேலேயே ஆசை வந்தது.

(செண்பகராமன் பிள்ளை கப்பலில் இருந்தாரா இல்லையா என்ற சண்டையைத் தயவுசெய்து இந்த இழையில் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு வேறு இழை இருக்கிறது. அங்கே இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

#6 பழைய மாலுமி (விசாகப்பட்டினம்)

சுக்கான் தம்பிக்கு,

தூரிகை கேட்டது சரியான கேள்வி, நீங்கள் பாதி பதில்தான் சொல்லியிருக்கிறீர்கள். சென்னைக்கு வந்த அந்த இரவில் எம்டன் சண்டைக்குத் தயாராக வந்தது. சண்டைக்குத் தயாராகும் கப்பலில் மேல்தளம் அமைதிக் காலத்தில் இருப்பதுபோல இருக்காது. பீரங்கி சுழலும் இடத்தில் நிற்கும் ரெயிலிங் கம்பங்களை மடித்துக் கீழே சாய்த்துவிடுவார்கள், அல்லது கழற்றி அடுக்கிவிடுவார்கள். நிழற்கூரைக் கித்தானும் அதன் தூண்களும் இருக்காது. படகு தூக்கும் வளைகம்பம் (டேவிட்) உள்பக்கம் திரும்பியிருக்கும். தளத்தில் நின்று குண்டு பாயும் திசைக்கு குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் விதி.

எம்டனில் பெரிய பீரங்கிகள் எங்கே இருக்கின்றன? முன்தளத்தில் பக்கம் பக்கமாக இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு, பின்னால் பக்கம் பக்கமாக இரண்டு. இந்தப் பத்தும் சுழலும் வட்டத்தைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். நீங்கள் கவலைப்படுகிற ரெயிலிங்கில் பெரும்பகுதி அந்த வட்டங்களுக்குள்தான் வரும்.

அடுத்தது கரி. இதையும் யாரும் செய்வதில்லை. ஒதுங்கச் சொந்தத் துறைமுகமே இல்லாமல் அலைகிற கப்பல் அது. கரி கிடைத்தபோது அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். கிடங்கு நிறைந்த பிறகு தளத்திலும் மூட்டையாகவும் குவியலாகவும் அடுக்கினார்கள். கூடவே வந்த கரிக்கப்பல் மார்க்கோமானியாவிலிருந்தும் பிறகு பிடிபட்ட கரிக்கப்பல் பியூரெஸ்கிலிருந்தும் பக்கத்தில் கட்டிக்கொண்டு கரி ஏற்றியபோது இரண்டு கப்பலும் அலையில் மோதி, ஓரத்துச் சாமான்கள் எல்லாம் அடி வாங்கின. ஆகவே செப்டம்பர் 1914 எம்டனில் பளபளப்பான பித்தளை, நேர்க்கோட்டில் நிற்கும் ரெயிலிங், வெள்ளை வெளேரென்ற தளம் என்று வைத்தால், பார்க்க அழகாக இருக்கும், கப்பல் பொய்யாக இருக்கும்.

#7 சுக்கான்

ஐயா, ஒரே பதிவில் என் வேலையில் பாதியைக் குறைத்துவிட்டீர்கள். ஆனால் ரெயிலிங் அறவே இல்லாமல் கப்பல் மொட்டையாகத் தெரியாதா?

#8 பழைய மாலுமி

அறவே இல்லாமல் என்று யார் சொன்னது? பீரங்கி வட்டத்துக்கு வெளியே, கப்பலை நடத்தும் மேல்மேடையில் (பாலம்), ஏணி பக்கம் எல்லாம் நிற்கும். சாய்த்த இடத்தில் கம்பங்கள் தளத்தின் ஓரத்தில் படுத்திருக்கும், கம்பி தொய்ந்து கிடக்கும். அதைச் செய்து பாருங்கள், நின்றதைவிட உயிரோடு இருக்கும்.

#9 ரெசின்ராஜா (பெங்களூரு)

எல்லோரும் 1980இலேயே இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது :)

ரெசின் பிரிண்டர் ஒன்று இருந்தால் பத்துப் பீரங்கியும் ஒரே ராத்திரியில் அடித்துவிடலாம். அடுக்கு 0.05 மி.மீ. கவுல், பொல்லார்ட், கேப்ஸ்டன், ஸ்கைலைட் எல்லாம் அச்சு அசலாக வரும். ஊசியை அறுப்பது, பித்தளையைத் தேய்ப்பது எல்லாம் எதற்கு? சுக்கான், நான் அனுப்புகிறேன், தபால் செலவு மட்டும் கொடுங்கள்.

#10 பித்தளைப்பித்தன் (கோவை)

ராஜா, 21 மி.மீ. நீளம், 0.82 மி.மீ. தடிமன். இப்படி ஒரு குழலை ரெசினில் அடித்து, தூத்துக்குடி மே மாத வெயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். ஆடி மாதம் பாருங்கள், முனை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று. ஊசி எஃகு, உங்கள் பேரன் காலம் வரை நேராக நிற்கும்.

#11 ரெசின்ராஜா

சரி, குழலை ஊசியில் செய்யட்டும், ஒத்துக்கொள்கிறேன். பீடம், சக்கரம், குறிபார்க்கும் கருவி இதையெல்லாம் கையால் பத்து தடவை ஒரே மாதிரி செய்ய முடியுமா?

#12 தூரிகை

முடியும். ஆனால் அதில் ஒரு விஷயத்தில் ராஜா பக்கம் நியாயம் இருக்கிறது. பத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய பொருளுக்கு அச்சு வேண்டும். அந்த அச்சு பிரிண்டரில் வந்தால் என்ன, கையால் ஒன்றைச் செய்து சிலிக்கோன் அச்செடுத்து ரெசின் ஊற்றினால் என்ன?

என் கருத்து: நீங்களே வரைபடம் பார்த்து அளந்து, கணினியில் வரைந்து அடித்தால் அதுவும் ஸ்கிராட்ச் பில்ட்தான் (எல்லாம் சொந்தமாகச் செய்வது). யாரோ வரைந்து போட்டதை இறக்கி அடித்தால் கடையில் வாங்கியதற்குச் சமம். அதில் தப்பில்லை, ஆனால் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டாம்.

ஊற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரப்பதம் ஆகவே ஆகாது. கடலோர ஊர்களில், அதுவும் மழைக்காலத்தில், டப்பாவைத் திறந்து வைத்தாலே காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிட்டு, ஊற்றியபின் நுரைத்துப் பொங்கும். உள்ளே முழுக்கக் குமிழி. வேலை முடிந்ததும் மூடியைப் போட்டு, டப்பாவைக் காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். இல்லாவிட்டால் சிறிய துண்டுகளுக்கு எப்பாக்ஸி ரெசின் போதும். மெதுவாக இறுகும், ஆனால் ஈரத்துக்கு இவ்வளவு பயப்படாது.

#13 பித்தளைப்பித்தன்

கவுல் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. எம்டனின் முகமே அதுதான். கீழே கரி எரிக்கும் பாய்லர் பன்னிரண்டு. அத்தனைக்கும் காற்று மேலேயிருந்துதான் போக வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து குரூசரில் புகைபோக்கியைச் சுற்றிக் கவுல்கள் கூட்டமாக நிற்கின்றன. அதைத் தடித்த உதட்டோடு செய்தால் மொத்தக் கப்பலும் கெட்டுவிடும். நிஜக் கவுல் தகரம். வாய் ஓரம் கத்தி மாதிரி மெல்லிசாகத் தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் நகை வேலை. தங்கக் குண்டு செய்வது எப்படி என்று பார்த்து வளர்ந்தவன் நான். மணியின் இரண்டு பாதியையும் தனித்தனியாகத் தகட்டில் குழித்தெடுத்துப் பிறகு பற்றவைப்பார்கள். அதற்கு, பல அளவில் அரைக்கோளக் குழிகள் வெட்டிய பித்தளைக் கட்டை ஒன்று இருக்கும், ஒவ்வொரு குழிக்கும் உருண்டைத் தலை வைத்த குத்துக்கோல் ஒன்று. கவுலின் தலையும் அரை மணிதான். இதைவிட என்ன வேண்டும்?

நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடைகளில் இந்தக் கட்டை கிடைக்கும். வாங்க மனமில்லை என்றால் சைக்கிள் கடைக்குப் போங்கள். பால்ரஸ் (எஃகுக் குண்டு) பல அளவில் வைத்திருப்பார்கள். 1/8 அங்குலம் 3.18 மி.மீ., 5/32 என்றால் 3.97, 3/16 என்றால் 4.76, கால் அங்குலம் 6.35. கவுல் வாய் நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் உங்களுக்கு 5 மி.மீ., 3/16 பால்ரஸும் அதன் மேல் தகட்டின் தடிமனும் சேர்ந்தால் ஏறக்குறைய சரி. 80 செ.மீ. வாய் என்றால் 5/32.

செய்முறை:

0.1 மி.மீ. செம்புத் தகடு. முதலில் காய்ச்சி இளக்க வேண்டும். சிவக்கும் வரை சூடு காட்டித் தண்ணீரில் போடுங்கள், மெத்தென்று ஆகிவிடும். பால்ரஸை ஒரு பித்தளைக் கம்பியின் முனையில் அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். ஈயத் துண்டு அல்லது கெட்டி ரப்பர் மேல் தகட்டை வைத்து, கம்பியின் மேல்முனையில் மெதுவாகத் தட்டுங்கள். ஒரே அடியில் குழி வராது. கொஞ்சம் குழி, மறுபடி சூடு, மறுபடி தட்டு. இந்த இடத்தில் அவசரப்பட்டால் தகடு கிழியும். கறுத்த தகட்டைப் புளித்தண்ணீரில் போட்டால் பளிச்சென்று ஆகும்.

அரைக்கோளம் வந்ததும் ஓரத்தைக் கத்தரித்து, உப்புத்தாளைத் தட்டையாக வைத்து வட்டமாகத் தேயுங்கள். அதன் கீழ்ப்பக்கம் ஒரு துளை. கழுத்துக்குப் பித்தளைக் குழாய். மேல்முனையைச் சாய்வாக அராவித் துளையில் பொருத்தி, உள்பக்கமிருந்து ஈயம் வையுங்கள். வெளியே மூலையில் கொஞ்சம் ஈயம் வழிந்தால் நல்லதுதான், அரத்தால் வழித்துவிட்டால் தலையும் கழுத்தும் ஒரே வளைவாக ஓடும். கடைசியாக வாயைச் சுற்றி முடி போன்ற கம்பி ஒரு வளையம்.

செம்பு பிடிக்காதவர்கள் ஸ்டைரீன் ஷீட்டைச் சூடாக்கி இதே பால்ரஸை அழுத்தலாம். சீக்கிரம் வரும். குழியில் இழுபடும்போது ஷீட் தானாகவே மெலிகிறது என்பதால் ஓரமும் பரவாயில்லாமல் இருக்கும்.

#14 பழைய மாலுமி

மிக நல்ல விளக்கம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கவுல்களை எல்லாம் ஒரே திசையில் திருப்பி ஒட்டாதீர்கள். கவுல் கழுத்தில் சுழலும். காற்றை உள்ளே இழுக்க வேண்டியதை காற்றுக்கு முகமாகவும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்ற வேண்டியதை எதிராகவும் திருப்பி வைப்பார்கள். எல்லாம் நேர் முன்னால் பார்த்தபடி அணிவகுத்து நின்றால், அதைச் செய்தவர் கப்பலில் கால் வைத்ததில்லை என்று தெரிந்துவிடும்.

#15 திருமலையான் (திருகோணமலை)

சுக்கான் அண்ணை, வணக்கம். நான் ரெவெல் கம்பெனியின்ர 1/350 பிளாஸ்டிக் எம்டன் பெட்டியை வாங்கிக் கட்டினனான். பெட்டியை வாங்கச் சொல்லேல்லை, ஆனா ஆரிட்டயாவது இருந்தா ஒருக்கா வாங்கி அளந்து பாருங்கோ. எந்தச் சாமான் எங்கே இருக்குது எண்டு பிடிபடும். அதில் அளந்ததை 1.75ஆல் பெருக்கினா உங்கட அளவு வரும். இடத்தை மட்டும் எடுங்கோ, தடிப்பை எடுக்காதேங்கோ. பிளாஸ்டிக் அச்சில் வாறது எல்லாம் தடிப்புத்தான்.

இன்னொண்டு: டிரெஸ்டன் கப்பல் படங்களைப் பார்த்து எம்டனைச் செய்யாதேங்கோ. ரெண்டும் ஒரே வகைதான், ஆனா டிரெஸ்டனுக்கு டர்பைன், எம்டனுக்குப் பழைய பிஸ்டன் இயந்திரம். கட்டின இடமும் வேற. டிரெஸ்டன் ஹாம்பர்க்கில், எம்டன் டான்சிக்கில். இயந்திர அறைக்கு மேல இருக்கிற பகுதிக்கு எம்டன் படம் மட்டும்தான் பார்க்க வேணும். கொக்கோஸ் தீவில் கரைதட்டி நிண்ட எம்டனை ஆஸ்திரேலியர் நிறையப் படம் எடுத்து வைச்சிருக்கினம். உடைஞ்சு கிடக்கிற கப்பல் எண்டாலும் கிட்டத்தில் எடுத்த படங்கள். பீரங்கிக்கு, சிட்னி ஹைட் பார்க்கில் எம்டனின் 10.5 ஒண்டு நிக்குது. அதைச் சுத்திச் சுத்தி எடுத்த படங்கள் வேண்டிய அளவு இருக்கு.

#16 சுக்கான்

திருமலையான் தம்பி, மிக்க நன்றி. ஹைட் பார்க் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பீரங்கிக் கவசத் தகட்டுக்கு என்ன பயன்படுத்தலாம்? பழைய ஏடிஎம் கார்டு வைத்திருக்கிறேன்.

#17 ஊசிமுனை

கார்டு 0.76 மி.மீ. அதை 200ஆல் பெருக்குங்கள், 15 செ.மீ. போர்க்கப்பல் பக்கவாட்டுக் கவசம் ஆகிவிடும்! எம்டனின் பீரங்கிக் கவசம் 50 மி.மீ. தடிமன், உங்களுக்கு 0.25 மி.மீ. சரியாக அந்தத் தடிமனில் ஸ்டைரீன் ஷீட் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்தால் கறுப்பு கழன்று தெளிந்த பிளாஸ்டிக் கிடைக்கும், சுமார் 0.18 மி.மீ. கொஞ்சம் மெலிசு, ஆனால் தடித்துப் போவதைவிட மெலிந்து போவது மேல்.

முதலில் விசிட்டிங் கார்டில் வெட்டி மடித்துப் பாருங்கள். உருவம் சரியாக வந்ததும் அதைப் பிரித்து ஷீட்டில் வைத்துக் கோடு போடுங்கள். பத்தும் ஒரே வார்ப்புருவிலிருந்து.

ஏடிஎம் கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். பொல்லார்டுக்கு அடித்தட்டு, படகுத் தாங்கிகள், ஸ்கைலைட் பெட்டிகளுக்குப் பயன்படும்.

#18 சுக்கான்

பொல்லார்ட் எப்படி? லேத் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

#19 பித்தளைப்பித்தன்

மினி டிரில்தான் உங்கள் லேத். அதை மேசையில் இறுக்கிக் கட்டி, பித்தளைக் கம்பியை சக்கில் மாட்டி, சுழலும்போது அரத்தைக் காட்டுங்கள். தலையை விட்டுவிட்டுக் கழுத்தைக் கொஞ்சம் மெலிதாக்கினால் பொல்லார்ட் தயார். அறுத்துவிட்டு அடுத்தது. இரண்டிரண்டாக அடித்தட்டில் துளை போட்டு நிறுத்துங்கள். கேப்ஸ்டனும் இதே கதைதான், கம்பி கொஞ்சம் தடிமன்.

#20 ரெசின்ராஜா

ரெயிலிங்குக்கு வாருங்கள். அதில்தான் நீங்கள் எல்லோரும் தோற்பீர்கள் :) ஃபோட்டோ எட்ச் பித்தளை (அமிலத்தில் அரித்து வடிவம் எடுத்த மெல்லிய தகடு) வாங்காமல் வழியே இல்லை.

#21 பித்தளைப்பித்தன்

சவால் ஏற்கப்பட்டது.

ரெயிலிங் ஒரு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 5 மி.மீ. கம்பம் நிஜத்தில் நாலு செ.மீ. என்றால் 0.2 மி.மீ. நடுவே ஓடும் கம்பி அதில் பாதி. எட்ச் செய்த ரெயிலிங் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தட்டைத் தகடு; பக்கவாட்டில் பார்த்தால் உருண்டை கிடையாது.

மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போங்கள். சீலிங் ஃபேனுக்குக் கட்டும் 36 கேஜ் செம்புக் கம்பி 0.19 மி.மீ., அது கம்பத்துக்கு. 42 கேஜ் 0.1 மி.மீ., அது குறுக்கே ஓடும் கம்பிக்கு. ரீலிலிருந்து மீதித் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கொஞ்சம் விறைப்பாக வேண்டும் என்றால் இசைக்கருவிக் கடையில் தம்புராவுக்கு விற்கும் பித்தளைத் தந்தி நல்ல தேர்வு, ஈயமும் பிடிக்கும். கிட்டார் எஃகுத் தந்தி வேண்டாம், ஈயம் ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

கம்பியை நேராக்க விரலால் உருவாதீர்கள். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை பிளையரால் இழுங்கள், லேசாக நீள்வது கையில் தெரியும் வரை. நூல் பிடித்த மாதிரி நேராகும், கொஞ்சம் விறைப்பும் ஏறும். காயில் கம்பியின் மேல் வார்னிஷ் இருக்கும், அதைச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது.

மரத்துண்டில் கம்பங்களின் இடைவெளிக்குப் பள்ளக் கோடு, குறுக்கே மூன்று நீளக் கோடு. கம்பங்களைப் பள்ளத்தில் கிடத்தி, மேலே நீளக் கம்பிகளை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு சந்திப்பிலும் ஃப்ளக்ஸ் ஒரு பொட்டு, அயர்ன் முனையில் ஈயம் துளி. தொட்டு எடு. தேய்த்துக்கொண்டிருந்தால் உருண்டை கட்டும். அமில ஃப்ளக்ஸ் பயன்படுத்தினால் பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் சில மாதத்தில் பெயின்ட்டுக்கு அடியில் பச்சை பூக்கும்.

கம்பத்தின் கால் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். தளத்தில் 0.3 மி.மீ. துளை போட்டு இறக்குங்கள். துளை போட எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டுக்கு விற்கும் டிரில் பிட். கார்பைட் என்பதால் கையால் சுழற்றும்போது பக்கவாட்டில் சாய்ந்தால் பட்டென்று ஒடியும்.

#22 ரெசின்ராஜா

சரி. தோற்றது நான்தான். படம் இருந்தால் போடுங்கள் அண்ணா.

#23 தூரிகை

ரெயிலிங்கில் என் ஒரே வேண்டுகோள்: மெலிசாகச் செய்ய முடியாத இடத்தில் செய்யாமலே விட்டுவிடுங்கள். இல்லாத ரெயிலிங்கைக் கண் மன்னிக்கும். தடித்த ரெயிலிங்கை மன்னிக்காது. பெயின்ட்டும் அப்படியே. ஸ்பிரே கேனில் இரண்டு பூச்சு அடித்தால் 0.1 கம்பி 0.2 ஆகிவிடும். ஏர்பிரஷ்ஷில் ஒரே மெல்லிய பூச்சு, அதுவும் தளத்தில் பொருத்துவதற்கு முன்னால்.

#24 சுக்கான்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இன்னொரு குழப்பம். நாலாவது புகைபோக்கி. எம்டன் போலியாக ஒன்றைக் கூடுதலாக வைத்து, நாலு புகைபோக்கி கொண்ட பிரிட்டிஷ் குரூசர் யார்மவுத் மாதிரி வேஷம் போட்டதே, அதைச் சென்னை இரவுக்கு வைக்கலாமா?

#25 பழைய மாலுமி

போலிப் புகைபோக்கி பினாங்கில் இருந்தது உறுதி. 1914 அக்டோபர் 28 விடிகாலை, அந்த வேஷத்தோடுதான் துறைமுகத்துக்குள் போய் ரஷ்யக் குரூசர் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. நவம்பர் 9 கொக்கோஸ் தீவுக்கு வந்தபோதும் நாலு புகைபோக்கி. கரையிலிருந்த தந்தி நிலையத்தார் ஒன்று கித்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சென்னைக்கு வைத்தால் நீங்கள்தான் ஆதாரம் காட்ட வேண்டும். அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வேஷத்தில் ஒரு வேடிக்கை. உண்மையான யார்மவுத்தான் அக்டோபர் 12ஆம் தேதி எம்டனின் கரிக்கப்பல் மார்க்கோமானியாவைப் பிடித்து மூழ்கடித்தது. அதற்குப் பிறகும் அதே யார்மவுத் முகமூடியோடு பினாங்குக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

#26 திருமலையான்

அண்ணை, அப்ப பினாங்கைச் செய்யுங்கோ. அந்தப் புகைபோக்கி அவையளே மரச்சட்டமும் கித்தானும் வைச்சுக் கட்டினது. எம்டன்காரரும் ஸ்கிராட்ச் பில்ட் ஆக்கள்தான் :) மெல்லிய குச்சியில் சட்டம் கட்டி, டிஷ்யூ தாளைத் தண்ணி கலந்த பசையில் நனைச்சுப் போர்த்தி விடுங்கோ. காஞ்சா கித்தான் சுருக்கம் தானா விழும். மற்ற மூண்டையும் போல வழுவழுப்பா இருக்கக் கூடாது.

#27 தூரிகை

எனக்கும் பினாங்குதான் பிடிக்கிறது. உண்மையான மூன்று, போலி ஒன்று. பக்கத்தில் நிற்கும்போது தளத்தின் மொத்தக் கதையும் தெரியும். சென்னை இரவு வேண்டும் என்றால் சர்ச்லைட்டுகளை நன்றாகச் செய்யுங்கள். எண்ணெய் டாங்குகளைத் தேடியது அவற்றின் வெளிச்சத்தில்தான். லென்ஸுக்கு ஃபெவிக்விக் பயன்படுத்தாதீர்கள், ஆவி படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். வெள்ளைப் பசை போதும்.

#28 சுக்கான்

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சென்னைதான். உயர் நீதிமன்றக் கல்வெட்டுக்காரனுக்கு வேறு வழியில்லை. மூன்று புகைபோக்கி, பீரங்கி வட்டத்தில் சாய்த்த ரெயிலிங், தளத்தில் கரி மூட்டை, சர்ச்லைட் கரைப்பக்கம் திரும்பியபடி. பத்துப் பீரங்கியில் இடப்பக்கம் இருப்பவை வெளியே திரும்பியிருக்குமா, வலப்பக்கமா என்பதை மட்டும் முடிவு பண்ண வேண்டும்.

கரி மூட்டைக்கு எம்சீலைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, ஈரமாக இருக்கும்போதே பழைய துணியால் அழுத்திவிட்டேன். நெய்த தடம் விழுந்திருக்கிறது. கொட்டிக் கிடக்கும் கரிக்கு அடுப்புக்கரியை இடித்துச் சலித்து வைத்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது நங்கூரச் சங்கிலி. நகைக்கடைச் சங்கிலி போடலாமா?

#29 பித்தளைப்பித்தன்

கவரிங் சங்கிலியில் மிகச் சன்னமானதைத் தேடுங்கள், ஆனால் வெர்னியரோடு போங்கள். கடைக்காரர் சன்னம் என்று காட்டுவது 1/200இல் யானைச் சங்கிலியாக இருக்கும்.

#30 பழைய மாலுமி

நங்கூரச் சங்கிலிக்கு ஒரு கணக்கு உண்டு. இரும்பின் தடிமனைப்போல வளையத்தின் நீளம் 6 மடங்கு, அகலம் 3.6 மடங்கு. 40 மி.மீ. இரும்பு என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் வளையம் 24 செ.மீ., உங்கள் அளவில் 1.2 மி.மீ. நீளம், 0.7 மி.மீ. அகலம். படத்தில் பொல்லார்டோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள். அப்புறம், கப்பல் சங்கிலி வளையத்தின் நடுவே குறுக்குக் கட்டை இருக்கும், நகைச் சங்கிலியில் இருக்காது. அவ்வளவு சின்ன அளவில் அதைச் செய்ய முடியாது. ஆனால் மெல்லிய கம்பி இரண்டை முறுக்கி, இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து உருட்டி லேசாகத் தட்டையாக்கினால், சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணுக்குக் குறுக்குக் கட்டை போட்ட சங்கிலியாகவே தெரியும்.

சங்கிலி தளத்தின் மேல் படுத்து ஓட வேண்டும். கனமான இரும்பு அது; எங்கேயும் எழும்பி நிற்காது. கேப்ஸ்டனிலிருந்து சங்கிலி வெளியே இறங்கும் துவாரம் வரை நாலைந்து இடத்தில் அடியில் பசை வைத்து அழுத்துங்கள்.

பீரங்கித் திசைக்கு: கப்பல் எந்தப் பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது என்று முதலில் உங்கள் கண்ணாடிப் பெட்டியில் தீர்மானியுங்கள். கரைப்பக்கம் இருக்கும் மூன்றும், சுழல முடிந்த முன்பக்க, பின்பக்கப் பீரங்கிகளும் அந்தப் பக்கம். மறுபக்கத்து நடுப் பீரங்கி மூன்றும் சும்மா நிற்கும்; அவற்றால் குறுக்கே சுட முடியாது.

#31 சுக்கான்

கரை இடப்பக்கம். முடிவாகிவிட்டது ஐயா. ஊசி வாங்கி வந்தாயிற்று, 21 கேஜ் 18க்குள் சொன்னபடி வழுக்கிக்கொண்டு போகிறது. முதல் பீரங்கியின் படத்தை வரும் ஞாயிறு போடுகிறேன். பித்தன் அண்ணா, குழிக் கட்டை எந்த அளவு வரை வாங்கினால் போதும்?

#32 பித்தளைப்பித்தன்

3 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ. வரை குழி இருந்தால் எம்டனுக்கு யதேஷ்டம். குத்துக்கோல்களும் சேர்த்தே கேளுங்கள், தனியாகக் கேட்டால் கிடைக்காது.